வாதி இல்லாத வழக்கு

சென்ற மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஓர் அன்பர் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். என் கதையொன்றில், பள்ளிவாசல் படியருகே ஒரு பெண் வெகுநேரம் நின்றுகொண்டிருப்பதாக எழுதிவிட்டேன். அது அவரைச் சுட்டுவிட்டது. "எங்கள் ஊரில் பெண்கள் தொழுவதற்கென்று தனி வாசலும் தனி மாடியும் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மின்விசிறி போட்டிருக்கிறோம். ஒளுச் செய்யத் தனிக் குழாய் வைத்திருக்கிறோம். இன்னும் என்னதான் வேண்டும் உங்கள் பெண்களுக்கு?" என்று கேட்கிறார்.

மின்விசிறிக்கு நன்றி. குழாய்க்கும் நன்றி. பரிகாசமாகச் சொல்லவில்லை, முப்பது வருஷங்களுக்கு முன்னால் அதுவும் இல்லை. என் நன்னி எழுபத்தெட்டு வயதுவரை ஐந்து வேளையும் தவறாமல் தொழுதவள். வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிவாசலின் உள்புறம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே மௌத்தானாள். அந்த வகையில் அன்பரின் ஊர் முன்னேறித்தான் இருக்கிறது.

ஆனால் அவர் "உங்கள் பெண்கள்" என்கிறார். அவருக்கு அவர்கள் யார் என்று எனக்கு விளங்கவில்லை. இருக்கட்டும். கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

முஸ்லிமல்லாத என் வாசகர்கள், பள்ளிவாசல் என்றால் தொழுகிற இடம் என்று மட்டும் நினைத்திருக்கக்கூடும். தொழுகை அதன் வேலைகளில் ஒன்று. எங்கள் கொங்குச் சீமையில் பொள்ளாச்சியோ, உடுமலையோ, தாராபுரமோ, பள்ளப்பட்டியோ, ராவுத்தர்கள் ஒரு தெரு அளவுக்கு இருந்துவிட்டால் போதும், அங்கே ஒரு பள்ளிவாசல் இருக்கும். அதைச் சுற்றி ஒரு ஜமாஅத் இருக்கும். கல்யாணம் எழுதுகிற தப்தர் அங்கே இருக்கிறது. மாப்பிள்ளை வேற்றூரான் என்றால் அவன் ஊர் ஜமாஅத்தின் கடிதம் அங்கே வரவேண்டும். தலாக் அங்கே வருகிறது. குலா அங்கே வருகிறது. மஹர் பாக்கி, கைக்கூலித் தகராறு, பாகப் பிரிவினை எல்லாம் அந்தத் தாழ்வாரத்துப் பாயில்தான் வந்து உட்காருகின்றன. கடைசியில் மையவாடியில் குழி வெட்டுவதற்கும் அங்கேதான் சொல்ல வேண்டும். முத்தவல்லி, செயலாளர், பொருளாளர் என்று நிர்வாகம் உண்டு. குடும்பத்துக்கு ஒருவர் சந்தா கட்டுகிறார், அவர் தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் கூட்டத்தில் வாய், தலைக்கட்டுக்குத்தான் ஓட்டு. தலை என்பது ஆண் தலை.

அந்தப் பாயில் வந்து உட்காருகிற வழக்குகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தலாக், குலா, மஹர், கைக்கூலி, ஜீவனாம்சம். ஒவ்வொன்றிலும் ஒரு கட்சி பெண். அந்த ஒரு கட்சிக்கு மட்டும் அங்கே இடமில்லை. அவளுக்காக அத்தா பேசுவார், அண்ணன் பேசுவான், மாமன் பேசுவார். அவள் வீட்டில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் வழக்கில் தீர்ப்பு என்னவென்று யாராவது வந்து சொல்லுவார்களா என்று காத்திருப்பாள். வாதி இல்லாமல் வழக்கு நடக்கிற நியாயஸ்தலம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

மாடியில் மின்விசிறி போட்டுவிட்டோம் என்கிறவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தொழுகைக்கு இடம் கொடுத்தீர்கள், சந்தோஷம். தொழுகை முடிந்து ஆண்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவளுடைய வாழ்க்கையைப் பேசுகிறபோது, மாடியிலிருந்து அவளை இறங்கிவரச் சொல்வீர்களா?

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. அந்தப் பாயில் உட்கார்ந்திருந்து சொல்கிறேன்.

2002-ஆம் வருஷம். எனக்கு இருபது வயது. ஆனைமலை அடிவாரத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். என் அக்காவின் வழக்கு. அவள் புருஷன் கொப்பரை வியாபாரி. மூன்று வருஷம் வாழ்ந்த பிறகு, இனிமேல் ஒத்துவராது என்று ஆள் அனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு பேச்சு வைத்தார்கள். பெரியவர்கள் ஏழு பேர். அவன் பக்கத்தில் மூவர். எங்கள் பக்கத்தில் அத்தா, பெரியத்தா, நான். அந்த ஏழு பேரில் கொடியவர் ஒருவரும் கிடையாது. ஒருவர் அக்காவின் கல்யாணத்தில் தேக்சாவை இறக்கி வைக்கத் தோள் கொடுத்தவர். இன்னொருவர் அவளுக்குச் சின்ன வயதில் யஸ்ஸர்னல் குர்ஆன் சொல்லிக் கொடுத்தவர்.

தகராறு நகையில் வந்து நின்றது. அக்காவுக்கு நாங்கள் போட்டது இருபத்திரண்டு பவுன். அதில் ஒன்பது பவுன் வியாபாரத்தில் போய்விட்டது. அந்த ஒன்பதை அவன் திருப்பித் தரவேண்டுமா, வேண்டாமா? "புள்ளையே மனசாரக் குடுத்துதுங்க. அதுல நான் என்ன பண்றது?" என்றான் அவன். பெரியவர் என்னைப் பார்த்தார். "தம்பி, ஒரு எட்டு ஊட்டுக்குப் போயி அக்காளக் கேட்டுட்டு வா. அதாக் குடுத்துதா, இவரா வாங்கினாரான்னு."

வீடு நூறு அடி தூரம். ஓடினேன். அக்கா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வியைச் சொன்னேன். அவள் நான்கே சொற்கள் சொன்னாள்: "கேட்டாரு, குடுக்கல. அடிச்சாரு, குடுத்தேன்."

திரும்பி வந்தேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் என் வாயைப் பார்த்தார்கள். அத்தா தலை குனிந்திருந்தார். அவர் முன்னால், அத்தனை பெரியவர்களுக்கு முன்னால், என் அக்காளை ஒருவன் அடித்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது எங்கள் வீட்டு மானம் என்று நினைத்தேன். "குடுத்தேன்னு சொன்னாங்க" என்றேன்.

நான்கு சொற்களில் மூன்றை நூறடி தூரத்தில் தொலைத்துவிட்டேன். மிச்சமிருந்த ஒரு சொல் புருஷனுக்குச் சாட்சியாகிவிட்டது. ஒன்பது பவுன் அன்பளிப்பு என்று முடிவாயிற்று. "இரு தரப்பாரும் மனமொப்பி" என்று எழுதி, அத்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மனமொப்பிய ஒரு தரப்பு அந்த நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது.

இருபத்து மூன்று வருஷங்களாக இதை நான் எழுதவில்லை. எத்தனையோ பேருடைய துக்கத்தைக் கதையாக்கிக் காசு வாங்கியவன் நான். இதை மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதுவது பாவமன்னிப்புக்காக அல்ல. பெண்ணின் சொல்லை ஆண் சுமந்து வரும்போது வழியில் என்ன ஆகிறது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது, அதற்காகத்தான். நான் அக்காவை நேசித்தவன். அவளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று அன்றைக்கும் சொல்லியிருப்பேன். நேசித்தவன் கொண்டுபோன சொல்லுக்கே இந்தக் கதி என்றால், நேசம் இல்லாதவன் கொண்டுபோகிற சொல்லுக்கு என்ன கதி?

மார்க்கம் இடம் கொடுக்கவில்லை என்பார்கள். எந்த மார்க்கம்? குர்ஆனின் 58-ஆவது அத்தியாயத்துக்கு முஜாதிலா என்று பெயர்; தர்க்கம் செய்தவள் என்று அர்த்தம். கவ்லா என்ற பெண்மணியின் புருஷன், அறியாமைக் காலத்துப் பழைய வாசகம் ஒன்றைச் சொல்லி அவரை விலக்கி வைத்துவிட்டான். அவர் தகப்பனை அனுப்பவில்லை, தம்பியை அனுப்பவில்லை. தானே நபிகள் நாயகத்திடம் வந்து வாதாடினார். சாதகமான பதில் கிடைக்காதபோதும் விடாமல் வாதாடினார். அந்தப் பெண்ணின் பேச்சை இறைவன் கேட்டுவிட்டான் என்றுதான் அந்த அத்தியாயமே தொடங்குகிறது. பின்னாளில் கலீஃபா உமரை இதே கவ்லா வழியில் நிறுத்தி நெடுநேரம் பேசியதாகவும், கூட இருந்தவர்கள் முணுமுணுத்தபோது, ஏழு வானங்களுக்கு மேல் கேட்கப்பட்ட குரலை உமர் கேட்காமல் இருப்பதா என்று அவர் சொன்னதாகவும் ஹஜ்ரத்மார் பயானில் உருக்கமாகச் சொல்வார்கள். நானும் சிறுவயதில் கேட்டு உருகியிருக்கிறேன். பயான் முடிந்ததும் பஞ்சாயத்துக்கு உட்காருகிற அதே பாயில், கவ்லாவின் பேத்திகளுக்கு இடமில்லை. இறைவன் நேரில் கேட்ட குரலை, எங்கள் முத்தவல்லி ஆள் மூலமாகத்தான் கேட்பாராம்!

இன்னும் சொல்லலாம். உமரின் மனைவி ஆதிகா பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதவர். உமருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் தடுக்கவில்லை. இறைவனின் அடியாள்களைப் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்கக் கூடாது என்று நபிகள் சொல்லியிருந்ததே காரணம். தடுப்போம் என்று சொன்ன தம் மகனை உமரின் மகன் அப்துல்லாஹ் கடுமையாக ஏசினார் என்ற செய்தியும் உண்டு. மறுபக்கத்து ஆதாரங்களையும் நான் மறைக்கவில்லை. பெண்ணுக்கு வீட்டுத் தொழுகையே சிறந்தது என்ற அறிவிப்பு இருக்கிறது. பிற்காலத்துப் பெண்களின் போக்கை நபிகள் பார்த்திருந்தால் தடுத்திருப்பார் என்று அன்னை ஆயிஷா சொன்னதாகவும் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் தொழுகையைப் பற்றியவை. தன்னைப் பற்றிய வழக்கில் தான் பேசக் கூடாது என்று பெண்ணைத் தடுக்கும் ஆதாரம் எங்கே? காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இமாமத்தைப் பற்றி நான் வாதம் செய்ய வரவில்லை. 2005-இல் நியூயார்க்கில் ஆமினா வதூது என்ற பேராசிரியை ஆண்களும் பெண்களும் சேர்ந்த ஜும்ஆவை நடத்தினார். 2018 ஜனவரியில் நமக்குப் பக்கத்தில், பாலக்காடு தாண்டி மலப்புறத்தில், ஜாமிதா என்ற பெண்மணி ஜும்ஆ நடத்தினார், மிரட்டல்களையும் வாங்கிக்கொண்டார். சீனத்து ஹெனான் மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல்களும், அவற்றை நடத்தப் பெண் ஆஹோங்குகளும் உண்டு. அவ்வளவு தூரம் ஏன்? நம் காயல்பட்டினத்தில் பெண்கள் கூடித் தொழுகிற தைக்காக்கள் இருக்கின்றன. எது கூடும், எது கூடாது என்பதை ஆலிம்களும் ஆலிமாக்களும் பேசித் தீர்க்கட்டும். அது நெடுங்காலம் பிடிக்கும். என் அக்காவின் ஒன்பது பவுன் அத்தனை காலம் காத்திருக்காது.

விஷயத்தின் முடிச்சைச் சரியாகப் பிடித்தவர் புதுக்கோட்டையில் ஸ்டெப்ஸ் அமைப்பை நடத்திய தாவூத் ஷரீஃபா கானம். அவரிடம் அழுதுகொண்டு வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள். வழக்கு பள்ளிவாசலில் நடந்தது. நாங்கள் உள்ளே போக முடியவில்லை. முடிவு வீட்டுக்கு வந்தது. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் அவர் பெண்களைத் திரட்டிப் பெண்கள் ஜமாஅத் என்று ஒன்றை நிறுவினார். அங்கே பெண்ணே வந்து உட்கார்ந்து தன் வாயால் வழக்கைச் சொன்னாள். எதிர்க்கட்சி ஆணையும் அழைத்துக் கேட்டார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் அதைப் படமாகவே எடுத்தார். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் கட்டப்போகிறோம் என்று ஷரீஃபா அறிவித்ததும், பத்திரிகைகள் அந்தக் கட்டடத்தையே பிடித்துக்கொண்டன. பெண் இமாமா, பெண் மோதினாரா என்று ஊரெல்லாம் சிரிப்பும் சீற்றமுமாக இருந்தது. அவர் சொன்னதன் அர்த்தம் எங்கள் பெரியவர்களுக்கு நன்றாக விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். பள்ளிவாசல் எங்கே இருக்கிறதோ அங்கே ஜமாஅத். ஜமாஅத் எங்கே இருக்கிறதோ அங்கே தீர்ப்பு. தீர்ப்பில் பங்கு கேட்டதால்தான் அத்தனை கோபம்.

பெண்ணுக்கு வெளியுலகம் தெரியாது, ஆண்கள் கூட்டத்தில் அவளுக்குப் பேச வராது என்று ஒரு கட்சி. கோயமுத்தூர்க்காரர்கள் இதைச் சொல்லலாமா? 1997 நவம்பர் கடைசியில் நடந்த கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளையும் இந்த நகரம் மறக்காது. குண்டுகளில் மாண்டவர் ஐம்பத்தெட்டுப் பேர். அந்தக் குடும்பங்களின் துக்கத்துக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். அதற்குப் பிறகு கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் ஆண்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிற்று; குற்றவாளிகளும் போனார்கள், குற்றமற்றவர்களும் போனார்கள். வீட்டை நடத்தியது யார்? மத்திய சிறை வாசலில் மனுவோடு நின்றது யார்? வக்கீல் குமாஸ்தாவுக்கு முன்னாலும், இன்ஸ்பெக்டருக்கு முன்னாலும், மாஜிஸ்திரேட்டுக்கு முன்னாலும் நின்று பேசியது யார்? அதுவரை கடைவீதிக்குக்கூடத் தனியாகப் போயிராத பெண்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "ஜெயிலரு முன்னால பேசிட்டேனுங்க. ஜமாத்துல பேச மட்டும் ஆம்பளையக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. ஆம்பள உள்ள இருக்கறதாலதானுங்களே நானே வந்தேன்!"

சட்டமும் ஒரு வேடிக்கை காட்டுகிறது. வக்பு வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும் என்று 2013-இல் திருத்தம் வந்தது. அதற்கும் முன்பே தமிழ்நாடு வக்பு வாரியத்துக்கு வழக்கறிஞர் பதர் சயீத் என்ற பெண்மணி தலைவராக இருந்திருக்கிறார். மாநிலத்துப் பள்ளிவாசல் சொத்துக்களுக்கெல்லாம் தலைமை வகித்துக் கையெழுத்துப் போட ஒரு பெண்ணால் முடிந்தது. தெருப் பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் ஓரமாக உட்கார மட்டும் முடியாது!

"இதையெல்லாம் பொதுப் பத்திரிகையில் எழுதி எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாய்" என்பது கடைசிக் குற்றச்சாட்டு. இதற்கு நான் பதில் சொல்லியே தீரவேண்டும். ஏனென்றால் காலம் அப்படி இருக்கிறது. எங்களைப் பழிக்கக் காரணம் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இதையும் வெட்டி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தலாக் சான்றிதழ்களைப் பற்றி பதர் சயீத் நீதிமன்றம் போனார்; காஜி கொடுக்கும் சான்று வெறும் அபிப்பிராயந்தான் என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைத் தள்ளுபடி செய்தது. 2019-இல் சட்டம் வந்தது; முத்தலாக் சொன்னால் சிறை என்றது. அந்தச் சட்டத்தில் எனக்கும் குறைகள் தெரிகின்றன. ஆனால் அந்தப் பெண்கள் ஏன் நீதிமன்றத்துக்குப் போனார்கள்? பக்கத்துத் தெருவில் பள்ளிவாசல் இருக்க, டெல்லிக்கு ஏன் ரயிலேறினார்கள்? நம் தாழ்வாரத்தில் அவர்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால், நம் வீட்டுக் கதவை வெளியார் தட்டியிருப்பார்களா? ஆயுதம் கொடுத்தவன் எழுதியவனா, எழுதும்படி வைத்தவனா?

அதே 2019-இல் புனே தம்பதியர் பள்ளிவாசல் நுழைவுக்காக உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 ஜனவரியில் முஸ்லிம் தனியார் சட்ட வாரியம், பெண்கள் பள்ளிவாசலில் தொழ மார்க்கத்தில் தடையில்லை என்று பிரமாணமே தாக்கல் செய்தது. தடையில்லை என்று டெல்லியில் சொல்லுவார்கள். ஆனைமலையில் ஏன் சொல்லக் கூடாது?

இதைப் படித்து உள்ளூரப் புன்னகை செய்யும் பிற மதத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் குலதெய்வக் கோயில் கூட்டத்தில் தலைக்கட்டு வரி யார் பெயரில் எழுதுகிறார்கள்? விதவையின் வீட்டை முழுத் தலையாக எண்ணுகிறார்களா, அரையாக எண்ணுகிறார்களா? நோம்பி சாட்டும்போது எந்தக் கவுண்டச்சியைக் கலந்துகொண்டார்கள்? எங்கள் பாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் திண்ணையையும் பார்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்து ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்ட கெட்ட வழக்கம் இது.

பொள்ளாச்சி அன்பரே, நீங்கள் கேட்டீர்கள், என்ன வேண்டும் என்று. பெரிதாக ஒன்றுமில்லை. பெண்ணின் வழக்கு எடுக்கப்படும்போது அவளைக் கூப்பிடுங்கள். ஓரமாக, வேண்டுமானால் திரை கட்டி, உட்கார வையுங்கள். ஆனால் அவள் வாயால் சொல்வதைக் கேட்டு, அவள் சொன்னபடியே தப்தரில் எழுதுங்கள். அவளிடம் கையெழுத்து வாங்குங்கள். நிர்வாகத்தில் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; வக்பு வாரியத்துக்கு ஆகும் கணக்கு உங்களுக்கு ஆகாதா? சந்தா கட்டுகிற பெண்ணைத் தலைக்கட்டு என்று எழுதுங்கள். இதற்குச் செங்கல் வேண்டாம், சிமெண்டு வேண்டாம். மின்விசிறிச் செலவில் பாதிகூட ஆகாது.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கா இப்போது திருப்பூரில் இருக்கிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, மகனைப் படிக்க வைத்து ஆளாக்கிவிட்டாள். வருஷம் தவறாமல் ஊர் ஜமாஅத்துக்குச் சந்தா அனுப்புகிறாள். தன்னை மையவாடியில் அத்தாவுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும் என்று ஓர் ஆசை. ரசீது தபாலில் வருகிறது. அத்தா பெயரில் வருகிறது. அத்தா 2011-இல் மௌத்தாகிவிட்டார். இறந்தவர் ஜமாஅத்தில் தலைக்கட்டாக இருக்கிறார். உழைத்துப் பணம் கட்டுகிறவள் ஒருவருமில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். அவள் கதை அல்லவா? போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"எழுது தம்பி. ஆனா இந்தத் தடவையாவது நான் சொன்னத முழுசா எழுது."